ராஜம்மா சொன்ன வாக்கியம்

இன்று தெருச் சாக்கடையில் தூவிய பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கில் ஏறியதும், திருச்சுழியில் நான் படித்து, இப்போது இல்லாமலே போய்விட்ட பள்ளிக்கூடத்தின் ஓலைக்கூரையும், அனல்காற்றில் படபடக்கும் தட்டியும், கரும்பலகையில் கிறீச்சிடும் சாக்பீஸும் நினைவுக்கு வந்தன.

இங்கிலீஷ் சார் அன்று ‘பிரேக் அவுட்’ என்று எழுதி, திடீரென்று கிளம்புவது என்று அர்த்தம் சொல்லி, ‘எரப்ட்’, ‘ஸ்டார்ட்’ என்று அதே பொருள் தரும் சொற்களையும் எழுதிப்போட்டார். வாக்கியம் கேட்டபோது எல்லோரும் சண்டையைத்தான் சொன்னோம், அது யுத்தகாலம். என் பக்கத்தில் இருந்த ராஜம்மா மட்டும், “காலரா பிரோக் அவுட் இன் மை ஹவுஸ்” என்றாள்.

“வீட்டுலன்னு வராதும்மா, ஊருலன்னு...” என்று திருத்தப்போன சார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “நெசமாவா?”

“அண்ணனுக்கு விடியக்காலையில இருந்து நிக்காமப் போகுது சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக யாரும் வரமாட்டேங்குறாக.”

நான் மெல்ல அவளைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். “எல்லாரும் வீட்டுக்குப் போங்க. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க” என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தபோது ராஜம்மா வந்தாள்; அண்ணனும் பிழைத்துக்கொண்டான். சாரைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன நான்கு பேரில் அவளுடைய அப்பாவும் ஒருவர்.