தினைக்கொல்லைத் தகரம்

எட்டாம் வகுப்பில், ஜமுனாமரத்தூர் அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். காட்டப்போகும் பொருள் அத்தை கண்டுபிடித்தது. அதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை.

எங்கள் தினைக்கொல்லையில் கதிர் முற்றினால் குருவி ஓட்ட ஆள் வேண்டும். வீட்டில் 'சும்மா' இருக்கும் ஆள் நான்தான் என்பதால், வருடா வருடம் அந்த நாட்களில் பள்ளிக்கு மட்டம். அந்த வருடம் அப்பாவின் தங்கையான அத்தை, ஒரு மூங்கில் கழியின் ஒரு முனையில் டப்பாவும் மறுமுனையில் கல்லும் கட்டி ஓடையோரம் நிறுத்திவிட்டாள். ஓடைத் தண்ணீர் விழுந்து டப்பா நிறைந்தால் சாய்ந்து கொட்டும். உடனே கல் இறங்கி, கீழே வைத்த தகரத்தில் 'டணார்' என்று அறையும்; குருவிகள் பறந்துவிடும். அதையே சிறிதாகக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

பரிசு முடிவு செய்ய மூன்று பேர். "இதோட மெக்கானிசம் இன்னாம்மா?" என்றார் இயற்பியல் சார். தண்ணீரின் எடை, நெம்புகோல் என்று ஒப்பித்தேன். விலங்கியல் டீச்சரும் அதையே கேட்டார்; அதே பதிலைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு வேண்டியது குருவி ஏன் பயப்படுகிறது என்பது.

"திடீர்னு சத்தம் வந்தா பறந்துடும் டீச்சர். பழகிப்போச்சுன்னா பக்கத்துலயே குந்திக்கும். அதுக்குத்தான் அத்தை அடிக்கடி தகரத்த மாத்துவாங்க."

மூன்றாமவர் பொருளியல்காரர். அவரும் மெக்கானிசம் என்றபோது எனக்கு அழுகை முட்டியது. நல்லவேளை, அவரே விளக்கினார். ஓடைத் தண்ணீரை மடக்கினால் கீழ்க்கொல்லைக்காரர் சண்டைக்கு வரமாட்டாரா?

"கொட்டுற தண்ணி அவங்க கொல்லைக்குத்தான் போவுது சார். அவங்க குருவியும் சேந்து ஓடுது. இன்னாத்துக்கு சண்ட?"

மூவரும் சிரித்துவிட்டார்கள். முதல் பரிசு எனக்கே! இன்று கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன். மெக்கானிசம் என்ற சொல் வாயில் வராத நாளில்லை. கேட்பவர் யார் என்று பார்த்துப் பதில் சொல்ல அன்றுதான் கற்றேன்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரே ஓட்டமாக ஓடி, பரிசுக் கோப்பையை அத்தையிடம் நீட்டினேன். அவள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"இந்தத் தபா கதிரு முத்துனப்போ எத்தினி நாளு இஸ்கூலுக்குப் போவல?"

"ஒரு நாளும் இல்ல, அத்தே. தெனமும் போனேன்."

அத்தை கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கொல்லை அதிரக் கூவினாள். பரிசைப் பற்றிப் பேசாமல் லீவைப் பற்றிக் கேட்கிறாளே என்று எனக்கு ஒரே எரிச்சல். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றது அதே கொல்லையில் குருவி ஓட்டத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.