சுடுமல்லியின் நிறம்

எங்கள் ஆபீஸில் காற்றுக்கு அனுமதி கிடையாது. காட்டிலிருந்து வரும் செடிகளை அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைக்கும் அறை அது. ஜன்னலைத் திறந்தால் சருகு பறக்கும், பூச்சி நுழையும். பெங்களூரே குளிர்காற்று வாங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் எட்டு வருஷமாகப் பாச்சை உருண்டை வாடையில் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

வேலை என்னவோ எனக்குக் கைவந்த கலை. பாதி இலை கிடைத்தாலும் போதும், நரம்பையும் ஓரத்துப் பல்லையும் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஊர் ஊராகப் போய்ச் செடி சேகரித்து வந்தவர் ஓய்வு பெற்றதும், அந்த இடத்தைக் கேட்டு மனு போட்டேன். சம்பளம் ஒரு காசுகூட ஏறாது. வெளியே போகலாம், அவ்வளவுதான்.

"மழையில நனையறதுக்கு மனு போட்ட மொத ஆளு நீங்கதான்" என்று என் மனைவி சிரித்தாள். சிரித்தாலும், பரணிலிருந்து குடையை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள்.

சோதித்துப் பார்க்க மேலதிகாரி என்னை ஊருக்கு வெளியே, ஆடுகோடிக்கு அப்பால் ஒரு ராகி வயலுக்கு அழைத்துப் போனார். தும்பை, நாயுருவி என்று வரப்பில் இருந்ததையெல்லாம் கேட்டார்; கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். பிறகு ராகிக்கு நடுவே ஒரு செடியைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். சாண் உயரம், பச்சைத் தண்டு, குறுகிய இலை, பொடி வெள்ளைப் பூ.

தெரியவில்லை. சத்தியமாக அதை நான் பார்த்ததே இல்லை. என்ன செய்கிறோம் என்று உணருமுன்பே செடியைப் பிடுங்கி, கையிலிருந்த நோட்டுக்குள் வைத்து மூடி, மேலே முழங்கையை ஊன்றி அழுத்தினேன். திறந்தால் அதே பச்சை.

களை பறித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "பிளி கச, சாமி" என்றாள் கன்னடத்தில். வெள்ளைக் களையாம். ராகியின் வேரைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுமாம்.

"சுடுமல்லிய்யா!" என்றார் மேலதிகாரி. "நீரே ஒட்டின தாள் அலமாரியில ஒரு கட்டு இருக்குமே!"

இருந்தது. ஆனால் அது காயும்போது கன்னங்கரேலென்று ஆகிவிடும் செடி. எட்டு வருஷத்தில் என்னிடம் வந்த ஒவ்வொரு சுடுமல்லியும் கரிக்குச்சியாகத்தான் வந்தது. அதற்குப் பச்சை இலை உண்டு, வெள்ளைப் பூ உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ரூமுக்குள்ள உம்மை அடிச்சுக்க ஆள் கிடையாது. அங்கேயே இரும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் மனைவி அன்று சொல்லியிருக்கலாம். குடையை மட்டும் மறுபடி பரணில் போட்டாள்.

நோட்டிலிருந்த செடியை மறுநாள் முறைப்படி ஒற்றுத்தாளுக்கு மாற்றிப் பலகைக்கடியில் வைத்தேன். சில நாள் கழித்துத் தாளைப் பிரித்தபோது கறுத்திருந்தது. பார்த்த கணமே பெயர் வாய்க்கு வந்துவிட்டது. மூடிய அறையில் அதை நான் உரக்கவே சொன்னேன்.