அழுகிற பிள்ளைக்கு இடுப்புப் பார்க்க முடியாது

பிள்ளை வீறிட்டு அழுதது. டொக்டர் தொடைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"காலை இறுக்கி வைச்சிருக்கிறா. இப்பிடிப் பார்த்தா ஒண்டும் பிடிபடாது. பால் குடுங்கோ அம்மா, அடங்கட்டும்."

பிரசவ வார்ட்டில் நான் சிற்றூழியன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப முன், இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் பிள்ளை பிட்டம் முந்திப் பிறந்தது. அப்படிப் பிறந்தால் கட்டாயம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃபானை நிறுத்திவிட்டு, சத்தம் வராமல் கதவடியில் நிற்பது என் வேலை.

தாயின் தகப்பன் பளையிலிருந்து வான் பிடித்து வந்திருந்தார். ராகுகாலத்துக்கு முன் புறப்பட வேண்டும் என்று வானை ஓட்டி வந்த பெடியனிடம் ஹோன் அடிக்கச் சொன்னார். பிள்ளை திடுக்கிட்டு மறுபடி அழுதது. டொக்டரை ஒப்பரேசன் தியேட்டருக்கு வேறு கூப்பிட்டுவிட்டார்கள். "கொஞ்ச நேரம்தான் நிப்பன்" என்றார்.

நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன். ஆனாலும் வானடிக்குப் போனேன்.

"ஐயா, ஹோன் அடிக்காதேங்கோ." எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

"நீர் டொக்டரோ?"

"இல்லை. கதவடியில நிக்கிறவன்."

"அப்ப போய்க் கதவைத் திறவும். பிள்ளை நல்லாக் காலை உதறுறாள். பிறகென்ன பார்க்கிறியள்?"

வான்காரப் பெடியன் சிரித்தான். "அண்ணைக்கு வேர்க்குது, பாருங்கோ ஐயா."

வேர்த்தது உண்மைதான். டொக்டர் தாய்மாருக்குச் சொல்லிக் கேட்டதையே சொன்னேன். "மூட்டு விலகினாலும் உதறும் ஐயா. நோகாது. நடக்கேக்கதான் தெரியும். இப்ப கண்டுபிடிச்சா, காலை விரிச்சு வைக்கிற வார் போட்டுச் சரிப்படுத்தலாம். பிந்தினா ஒப்பரேசன் வரைக்கும் போகும்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு வான் சாவிக்காகப் பெடியனிடம் கையை நீட்டினார். "திறப்பைத் தா."

"அப்ப ராகுகாலம்?"

"அது முடிஞ்ச பிறகு போவம். நீ வாயை மூடு."

உள்ளே பிள்ளை பால் குடித்தபடியே உறங்கிவிட்டது. டொக்டர் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட்டார். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கத்தில் கை நின்றது. மெதுவாக இன்னொரு முறை விரித்துப் பார்த்தார்.

"இடது மூட்டு விலகுது."

"நடப்பாளோ டொக்டர்?" தாய் கேட்டாள்.

"நேரத்தோட கண்டிட்டம் அம்மா. ஸ்கான் எடுத்து வார் போடுவம். சொன்னபடி கழட்டாமல் வைச்சிருந்தா நடப்பாள்."

அழுகிற பிள்ளையைப் 'பார்த்தாயிற்று' என்று அனுப்பினால், பார்க்காத பிள்ளைதான் வீட்டுக்குப் போகிறது. பொறுங்கள் என்று சொல்ல டொக்டராக இருக்க வேண்டியதில்லை. கதவடியில் நிற்பவரும் சொல்லலாம். கேட்கும்படி சொல்லுங்கள்.