ஒரு வருசம் தாங்கும் கெட்டில்

அருப்புக்கோட்டை பஜாரில் அலுமினியப் பாத்திரக் கடை முன்னால் நிற்கிறேன். ஊருக்கு வெளியே, பருத்திச் செடி பிடுங்கிய காட்டில் அப்பா ஆடுகளோடு காத்திருக்கிறார். திருச்சுழிப் பக்கம் மழையே இல்லை. அதனால் ஆடுகளை வடக்கே ஓட்டிப் போகிறோம். ஒவ்வொரு ராத்திரியும் வேறொருவர் நிலத்தில் ஆடுகளை மடக்கிக் கிடை போட்டுப் படுக்க வேண்டும். சாமான்களை நான்தான் சுமக்கிறேன். பழைய கெட்டிலின் அடி ஓட்டையாகிவிட்டது.

தொங்குகிறவற்றில் மெல்லியதாக ஒன்றைக் கழற்றித் தூக்கிப் பார்க்கிறேன். கையில் எடை தெரியவில்லை.

"ஆடு மிதிச்சாலே நசுங்கிரும் தம்பி," என்கிறார் கடைக்கார அக்கா. "முள்ளு வெறகுல வச்சா ஒரு வருசந்தான் தாங்கும்."

"ஒரு வருசம் போதும்க்கா. பி.ஏ. முடிச்சிருக்கேன். எங்க வீட்டுல படிச்சவன் நான் ஒருத்தந்தான். வேலைக்குப் பதிஞ்சு வச்சிருக்கேன். அடுத்த வருசம் ஆட்டோட வர மாட்டேன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

"போன வருசமும் இதச் சொல்லித்தான இதே கெட்டில வாங்கிட்டுப் போனீக?"

தினம் எத்தனையோ பேர் வருகிற கடை, மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் குரலில் கேலி இல்லை. எட்டி, மேலே தொங்கும் தடித்த கெட்டில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைக்கிறார்.

"இது கொஞ்சம் கனந்தான். ஆனா அஞ்சாறு வருசத்துக்குக் கவலையில்ல."

நல்ல மனசோடுதான் சொல்கிறார். கனமானதையே கட்டித் தரச் சொல்கிறேன்.