அப்பாவின் காது பாஸானது

அப்பாவுக்கு வலது காது கேட்காது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவர் டிவி வைக்கும் சத்தத்தில் எதிர்வீட்டாரும் செய்தி கேட்டுக்கொள்வார்கள். தெரியாதது ராணுவத்துக்கு மட்டும்தான். பீரங்கிப் படையில் இருந்தவர், ஓய்வுபெறும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டார். குறை சொன்னால் ஆஸ்பத்திரியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், ஊருக்குக் கிளம்புவது தள்ளிப்போகும் என்ற பயம். பிற்பாடு உடற்குறை ஓய்வூதியம் கேட்டபோது, அந்தக் கையெழுத்தையே காட்டி மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

நான் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க வராது. மேல்முறையீட்டு விதிகளைப் போனிலேயே படித்துத் தள்ளினேன். பீரங்கியால் போன காது என்று வாதாடும் முன், காது போனதற்கே ஆதாரம் வேண்டும். அப்பாவைப் பாளையங்கோட்டையில் ஒரு காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஷேவ் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தார்.

கண்ணாடி வைத்த சிறிய அறை. காதில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிந்ததும் பரிசோதித்த அக்கா முடிவுத் தாளோடு வெளியே வந்து, "சாருக்கு ரெண்டு காதும் அருமையா கேக்கே. எதுக்கு வந்தீய?" என்றார்.

அப்பா முகத்தில் சிரிப்பு. இந்தத் தாளோடு மேல்முறையீட்டுக்குப் போகவே முடியாது.

அவருடைய வலப்பக்கம் போய் நின்று, சாதாரணக் குரலில், "யப்பா, டீ குடிப்பமா?" என்றேன். திரும்பவே இல்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

முன்னால் வந்தேன். "கேக்காமலா பட்டனை அமுக்குனீய?"

"இந்தப் பிள்ள மெஷின்ல கை வைக்கது கண்ணாடி வழியா தெரிஞ்சுது. வச்ச உடனே அமுக்கிட்டேன்." குரலில் அத்தனை பெருமை. "ஏட்டி, ஒரு மெடிக்கல்லயும் நான் ஃபெயிலானது கிடையாது. ஃபெயிலானா பீரங்கிப் பக்கமே விடமாட்டான். ஸ்டோர்ல உக்கார வச்சிருவான்."

"இங்கன ஃபெயிலாகணும்ப்பா."

"தெரிஞ்சே ஃபெயிலாகச் சொல்லுதியா? அது பொய்யில்லா?"

"கேக்காததுக்கு அமுக்குனீயளே, அதுதான் பொய்யி."

அக்கா சிரித்துக்கொண்டே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்.

இடது காதுக்கு விரல் ஒழுங்காக வேலை செய்தது. வலது காதின் முறை வந்தபோது அப்பா விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டைவிரல் பட்டன்மேல் அப்படியே நின்றது. அக்கா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில்தான் விரல் அமுங்கியது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் அவருக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். தாள் சரியாக இருக்கிறது, நாளைக்கே அனுப்பிவிடலாம், அடுத்து ராணுவ டாக்டர்களே கூப்பிட்டுச் சோதிப்பார்கள் என்றெல்லாம். ஆற்றுப்பாலம் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"அங்கனயும் ஃபெயிலாகணுமோ?"

"ஆமாப்பா."

குனிந்து ஷூவைப் பார்த்தார்.

"அப்ப ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டுப் போலாமா, கூடாதா?"

போடலாம் என்றேன்.