மணலில் ஒன்பது பேர்

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஆறரை மணி. அடுத்த வாரம் விமானத்திலிருந்து குதித்து, நாங்கள் ஒன்பது பேர் வானிலேயே கைகோத்து வட்டமாக இணைய வேண்டும். அதன் ஒத்திகைக்காகக் கோவையிலிருந்து வந்திருக்கிறேன். இங்கே மணலில் நடந்தே பழகுகிறோம். பாய்ந்து வந்து பற்றினால் வட்டம் உடைந்துவிடும். அருகில் வந்து நின்று, பிறகுதான் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். நான் மூன்று முறை பாய்ந்துவிட்டேன்.

ஒருவர் இன்னும் வரவில்லை. வேடிக்கை பார்த்த மீன்காரச் செல்வியக்கா, கூடையை இறக்கிவிட்டு அவர் இடத்தில் நிற்கிறார். என் மணிக்கட்டில் அவர் பிடி ஈரமாக, உறுதியாக இருக்கிறது. பயிற்சியாளர் தலையசைத்ததும் கைகளை விட்டு ஆளுக்கொரு திசையில் ஓடுகிறோம். அக்கா மட்டும் நகரவில்லை.

“இவ்ளோ பாடுபட்டு புட்ச்சிட்டு, இன்னாத்துக்கு வுட்டுட்டு ஓடறீங்க?”

“பாராசூட் விரிய இடம் வேணும்க்கா. பக்கத்துல இருந்தா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும்.”

“அப்போ கீழ எறங்கனா யாரு எண்ணுவா? எங்க மீன்புடி போட்டு கரைக்கு வந்தா நான்தான் தலைய எண்ணுவேன்.”

மறுபடி செய்கிறோம். இந்த முறை நான் பாயவில்லை. கலைந்து ஓடியபின் திரும்பிப் பார்த்தால், அக்கா நடுவில் நின்று எங்களை விரல் நீட்டி எண்ணுகிறார். எட்டு வந்ததும் தயங்குகிறார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, “ஒம்போது” என்கிறார்.