முப்பது ரவை கொள்ளும் மாட்டுமணி

ஜெயபுரத்தில் மாட்டுக்குக் குறி சுடாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது மீனம்மாவின் வீடு.

மற்ற வீடுகளில் கன்று கொஞ்சம் வளர்ந்ததும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தொடையில் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். காட்டுக்கரையில் மாட்டை மேயவிடுகிற ஊரில், இது இன்னாருடையது என்று சொல்ல அந்தத் தழும்பை விட்டால் வேறு சாட்சி இல்லை. மீனம்மாவின் புருசன் பழனியாண்டி மட்டும் அதற்கு உடன்படவில்லை. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய வருசம் குறி சுடுகிறவர்கள் வாசலில் வந்து நின்றபோது அவர் கன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சுடுபட்டதெல்லாம் போதும். இதயாவது விடுங்க" என்றார்.

அவர்கள் கம்பியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

குறி இல்லாத மாட்டுக்கு மணி வேண்டும். அப்போது வீட்டுக்குக் கூரையே இல்லை, மணிக்கு எங்கே போவது? கிணறு இறைத்த நேரம் சேற்றோடு வந்த யுத்தகாலத்து இரும்பையெல்லாம் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவன் கண்ணில் படாமல் வேலியோரம் கிடந்தது, கதலிப்பழம் போல வளைந்த ஒரு தகரக்கூடு. துவக்கில் மாட்டுகிற ரவைக்கூடு, தோட்டாக்களை அடுக்குகிற கூடு. பழனியாண்டி அதன் அடித்தகட்டைக் கழற்றினார், உள்ளே இருந்த ஸ்பிறிங்கை உருவினார், பாழடைந்து கிடந்த உழவு மெஷினில் இருந்து ஒரு நட்டைக் கழற்றிக் கம்பியில் கோத்து உள்ளே தொங்கவிட்டார். கன்றின் கழுத்தில் கட்டியதும் அது 'டொங்' என்றது. சளி கட்டின தொண்டையால் கூப்பிடுவது மாதிரி ஒரு சத்தம். ஆனால் குளத்தின் அந்தக் கரையிலிருந்தும் கேட்கும்.

அந்தக் கன்று பசுவாகி, அதன் மகள் பசுவாகி, இப்போது பேத்தி சிவப்பியின் கழுத்தில் அது கிடக்கிறது. ஒவ்வொரு பட்டிப்பொங்கலுக்கும் மீனம்மா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பாள். அது முன்னொரு காலத்தில் என்னவாக இருந்தது என்பதை அந்த வீடு மறந்தே போயிருந்தது.

மீனம்மா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்த பிறகு, தகப்பனோடு லொறி ஏறி வன்னிக்கு வந்தாள். அப்போது சிறுமி. பழனியாண்டியும் அதே லொறிதான். மலையிறங்கும் வரைக்கும் தன் மடியிலேயே வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவள் என்று அவர் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிக் காட்டுவார். "அப்பவே தள்ளி உக்காந்திருக்கணும், புத்தி இல்ல" என்று தலையில் தட்டிக்கொள்வார். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், ஒரு மகளைப் பெற்று வளர்த்து வவுனியாவில் கட்டிக்கொடுத்தார்கள். இடையில் யுத்தம் வந்து எல்லாவற்றையும் ஒருமுறை கலைத்துப் போட்டது. மறுபடியும் அடுக்கினார்கள். இப்போது பழனியாண்டிக்கு மூச்சிழுக்கிற முட்டு வருத்தம். மருந்துப் பம்மை வாயில் வைத்து இழுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தாலே நெஞ்சு விசிலடிக்கும். மாடு கன்றை மீனம்மாதான் பார்க்கிறாள். சிவப்பியும் அவளைத் தவிர வேறு ஆரையும் கிட்ட நெருங்க விடாது.

அந்த மாரி மழைக்காலத்தில் ஒருநாள் ஓட்டோ ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. உள்ளே மைக்கைப் பிடித்திருந்தவன் பொலிஸ் கொன்ஸ்டபிள் றொமேஸ். முல்லைத்தீவுக் கடற்கரைப் பொடியன், வேதக்காரன். பெரிய ரவைக்கூடுகள் எதையும் ஒருவரும் வைத்திருக்கக் கூடாது என்று புது உத்தரவு வந்திருக்கிறதாம். வெறுங்கூடென்றாலும், துருப்பிடித்ததென்றாலும் குற்றம்தானாம். தாங்களாகக் கொண்டுவந்து பொலிசில் ஒப்படைப்பவர்கள் மீது வழக்கில்லை, பொலிஸ் கண்டுபிடித்தால் வழக்கு, அந்த வழக்குக்கு இலேசில் பிணை கிடைக்காது என்று மூன்று முறை சொன்னான்.

பிறகு வீடு வீடாக இறங்கிக் கேட்டான். தேடுதல் என்று சொல்லி அலுமாரியைக் கிண்டாமல், படலையில் நின்று தண்ணி வாங்கிக் குடித்து, "ஏதும் கிடந்தால் பயப்பிடாமல் கொண்டுவந்து தாங்கோ அம்மா" என்று கேட்கிற பொலிஸ். மீனம்மாவுக்கு அவனைப் பிடித்துப் போனது. மாரியம்மன் மேல் சத்தியமாகத் தன் வளவில் அப்படி ஒன்றும் இல்லை என்றாள். அதோடும் நிற்காமல், பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி கோழிக்கு அடை வைக்கிற பெட்டி ரவைப்பெட்டிதான் என்றும் காட்டிக் கொடுத்தாள். பெட்டிக்குத் தடையில்லை என்று றொமேஸ் சிரித்தான். அவள் சத்தியம் பண்ணிக்கொண்டு நின்றபோது வீட்டுக்குப் பின்னால் சிவப்பி தலையை ஆட்டிற்று. டொங். றொமேஸுக்கும் கேட்டது. மாட்டுமணி என்று நினைத்தான். மீனம்மாவுக்கும் அது மாட்டுமணிதான்.

வயல் பச்சை பிடித்திருக்கும் காலத்தில் மாட்டை வெளியே விட்டால் ஊரே சண்டைக்கு வரும். அதனால் சிவப்பியை அடைத்துத்தான் வைத்திருந்தாள். ஒரு காலை பால் கறக்க வாளியோடு போனால் வேலி பிரிந்து கிடக்கிறது. கன்று மட்டும் கட்டையில் நின்று கத்துகிறது. அவள் ஒழுங்கையில் இறங்கிக் காதைக் கொடுத்துக்கொண்டு நடந்தாள். சந்தியில் ஜெகதீஸ்வரி எதிர்ப்பட்டாள். ரவைப்பெட்டிக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"மீனம்மாக்கா, உங்கட மாடு பொலிசுக்குள்ள நிக்குது. போய்ப் பிணையெடுத்துக்கொண்டு வாங்கோ."

பொலிஸ் நிலையத்தின் பின்பக்கம் பொறுப்பதிகாரி ஆசையாசையாகப் போட்டிருந்த பயித்தங்காய்ப் பாத்தி ஒன்று உண்டு. சிவப்பி அதற்கு நடுவே நின்று கொடியை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. கயிற்றோடு தூர நின்ற பொலிஸ்காரர் ஒருவரின் காற்சட்டை முழங்கால்வரை சேறு. கிட்டப் போய் உதை வாங்கியிருக்கிறார். பொறுப்பதிகாரி விறாந்தையில் நின்றார். பார்வை மாட்டிலும் இல்லை, பயித்தங்காயிலும் இல்லை. மாட்டின் கழுத்திலேயே இருந்தது.

மீனம்மாவும் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மாட்டுமணி அல்ல, ரவைக்கூடு.

பொறுப்பதிகாரியும் றொமேஸும் சிங்களத்தில் கதைத்தார்கள். அவளுக்கு விளங்காது என்று நினைத்திருப்பார்கள். மலையில் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாடிய பாஷை அது. வாய் மறந்தாலும் காது மறக்கவில்லை. முப்பது ரவை கொள்ளும் கூடு, இரும்பு, சந்தேகமே இல்லை என்றார் பொறுப்பதிகாரி. மாட்டுக்காரன் வந்தால் வழக்குப் போட்டு நீதிமன்றுக்கு அனுப்பு என்றார். மாட்டில் குறி இல்லை சேர் என்றான் றொமேஸ். ஆருமே வராவிட்டால்? அப்படியென்றால் ஆளில்லாத கட்டாக்காலி மாடுதான், ஏலத்தில் போகும் என்றார் அவர்.

றொமேஸ் இறங்கி அவளிடம் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, வடிவாக் கேளுங்கோ. இது ஆரின்ரை மாடெண்டு உங்களுக்குத் தெரியாது. அப்பிடித்தானே? தெரியாதெண்டு சொல்லிப்போட்டு வீட்டை போங்கோ."

அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. தெரியாது என்றால் தப்பலாம். சிவப்பி ஏலத்தில் போகும், கன்று பாலில்லாமல் சாகும். தெரியும் என்றால் செய்தது ஆர் என்று கேட்பார்கள். செய்த மனுசனை மறியல் வீட்டுக் கம்பிக்குப் பின்னால், சீமெந்துத் தரையில் ஒரு இரவு படுக்க வைத்தால், அந்த நெஞ்சு மறுநாள் விசிலடிக்குமோ என்னவோ.

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் சிவப்பி பாத்தியை மிதித்துக்கொண்டு நேரே வந்து, அவள் தோளில் தாடையை வைத்து, சேலைத் தலைப்பைச் சப்பத் தொடங்கிவிட்டது.

"என் மாடுதாங்க" என்றாள் மீனம்மா. "மணியும் நான் செஞ்சதுதான்."

சொல்லி முடிக்கவில்லை, கேற்றடியில் சைக்கிள் விழுகிற சத்தம். ஜெகதீஸ்வரி அவருக்கும் சொல்லியிருக்கிறாள். பழனியாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பம்மை இரண்டு தரம் இழுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அவ பொய் சொல்றா சேர். நான் செஞ்சது."

"நீங்க பேசாம இருங்க. உங்களுக்கு வருத்தம்."

"வருத்தம் நெஞ்சுலதான், மூளையில இல்ல. இவளுக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது சேர். இவ எங்க மணி செஞ்சா?"

"எனக்குத் தெரியாதா? நீங்க அடிச்ச கூரை ஒழுகலையா?"

பொறுப்பதிகாரி இதென்ன சண்டை என்று கேட்டார். ஒவ்வொருவரும் குற்றம் தங்களுடையது என்று பிடுங்குப்படுகிறார்கள் என்று றொமேஸ் சிங்களத்தில் சொன்னான். தன் சேவைக்காலத்தில் இப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை என்று அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். கூட்டுக்குள் இருந்த ஸ்பிறிங் எங்கே?

மீனம்மா முழித்தாள்.

"கோழிக்கூட்டுக் கதவுல இருக்கு" என்றார் பழனியாண்டி. "தானா மூடிக்கும்."

மீனம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தனை வருசமா நான் திறந்து மூடுறேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சேறு பூசிய பொலிஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பழனியாண்டி வென்றுவிட்டார். வென்றவருக்குக் கிடைப்பது மறியல் என்பது நினைவு வந்ததும் சிரிப்பு அடங்கிற்று. கூட்டைக் கழற்றுங்கள் என்றார் பொறுப்பதிகாரி. ஒருவர் கையை நீட்டினார், சிவப்பி கொம்பைச் சரித்தது. இன்னொருவர் மற்றப் பக்கத்தால் வந்தார், பின்னங்கால் எழும்பிற்று. கடைசியில் எல்லோரும் மீனம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் சிவப்பியின் தாடையைச் சொறிந்துவிட்டு, கழுத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். மழையில் இறுகிய முடிச்சு, பல்லால் கடித்துத்தான் இளக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. விறாந்தையில் ஏறி, சேலைத் தலைப்பால் சேற்றைத் துடைத்து, போன பொங்கலுக்கு வைத்த பொட்டின் மிச்சத்தோடு அதை இரண்டு கையாலும் பொறுப்பதிகாரி முன்னால் நீட்டினாள்.

"தானா கொண்டாந்து குடுத்தா வழக்கில்லன்னு மைக்குல சொன்னீங்க. இது இன்னும் உங்க கைக்கு வரல. என் கையால குடுக்கிறேன், வாங்கிக்கோங்க."

றொமேஸ் மொழிபெயர்த்தான். அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே சொன்னான். பொலிஸார் ஒருவரும் இதுவரை அதைத் தொடவில்லை சேர், மாடு தொடவிடவில்லை, நிலையத்துக்குள் கொண்டுவந்து உரியவர்களே தருகிறார்கள், அந்த உத்தரவு பிறகு எதற்கு இருக்கிறது என்று. சொல்லும்போது அவன் காது சிவந்திருந்ததை மீனம்மா கண்டாள்.

பொறுப்பதிகாரி கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் ஏறி ஏறி ஒரு பக்கம் பொன்னிறமாகியிருந்தது. லேசாக ஆட்டினார். டொங். பாத்தியில் நின்ற சிவப்பி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவர் ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார்.

"அம்மா கொண்டு வந்தது. நல்லம்."

பழனியாண்டி விறாந்தைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்பிறிங்கையும் கொண்டுவந்து தந்துவிட வேண்டும், அதோடு கதை முடிந்தது என்று றொமேஸ் சொன்னான். மீனம்மா தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. பொறுப்பதிகாரியைப் பார்த்து, இத்தனை வருசம் பாவிக்காத சிங்களத்தில், தட்டித் தடவிக் கேட்டாள். கூடு அரசாங்கத்துடையது, உள்ளே தொங்குகிற நட்டு எங்கள் உழவு மெஷினுடையது, அதை மட்டும் தருவீர்களா ஐயா?

பொறுப்பதிகாரி றொமேஸைப் பார்த்தார். றொமேஸ் நிலத்தைப் பார்த்தான். கட்டாக்காலிக் கதையிலிருந்து எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். பொறுப்பதிகாரி கம்பி வெட்டுகிற குறடு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, தானே கம்பியை வெட்டி, நட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

வெளியே வந்தால் சிவப்பி நடக்க மறுத்துவிட்டது. இரண்டடி வைக்கும், கழுத்தை ஆட்டிப் பார்க்கும், சத்தம் வராது, நின்றுவிடும். இழுத்தும் பார்த்தாள், தடவியும் பார்த்தாள். கடைசியில் பழனியாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போய் சைக்கிள் மணியை அடித்தார். சிவப்பி காதை நிமிர்த்தி ஓரடி வைத்தது. அவர் மறுபடியும் அடித்தார். வீடு வரைக்கும் அப்படித்தான். மூச்சு வாங்குகிற நேரமெல்லாம் அவரும் நிற்பார், மாடும் நிற்கும். ஜெகதீஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிணை கிடைச்சிட்டுதோ என்று கேட்டாள். ரெண்டு பேருக்கும் கிடைச்சிருச்சு என்றாள் மீனம்மா.

கன்று குடித்து முடிந்ததும் பழனியாண்டி குசினிக்குப் பின்னால் கிடந்த டின்மீன் தகரப் பேணி ஒன்றை எடுத்தார். ஓட்டை போட்டார், கம்பி கோத்தார், நட்டைத் தொங்கவிட்டார். மீனம்மா அதைச் சிவப்பியின் கழுத்தில் கட்டினாள். சிவப்பி தலையை ஆட்டிற்று. 'கடக்' என்றது.

"தகரச் சத்தம்" என்று முகத்தைச் சுழித்தார் பழனியாண்டி.

"உங்க இருமலை விட நல்லாத்தான் இருக்கு" என்றாள் மீனம்மா.

மறுநாள் ஸ்பிறிங்கைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அவள் பொலிசுக்கு நடந்தாள். மற்றக் கையில் ஒரு பை. பயித்தங்காய் விதை, தன் தோட்டத்தில் காயவைத்து எடுத்தது. கோழிக்கூட்டுக் கதவைத் தும்புக்கயிற்றால் கட்டிவிட்டு வந்திருந்தாள்.